ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ்: கோடியக்கரையிலிருந்து ஒரு வறுமைக் கணக்கு

1

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகிற வழியில் அகஸ்தியம்பள்ளி வருகிறது. சுற்றிலும் உப்பளங்கள், அவற்றுக்கு நடுவில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கினார்கள். பதினைந்து நாள் நடந்து வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30 அன்று இந்த இடத்தில் உப்பு அள்ளினார்கள். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் ஜே. ஏ. தார்ன். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் சிறை என்று அறிவித்தார். சனங்களோ சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். வேதரத்தினம் பிள்ளை சிறைக்குப் போனார். நாவிதர் வைரப்பன் போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்தார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் இதெல்லாம்.

பள்ளிக்கூடத்தில் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. 1930 ஜனவரி கடைசியில் காந்தி வைஸ்ராய்க்கு முன்னால் வைத்த கோரிக்கைகள் மொத்தம் பதினொன்று. உப்பு வரியை ஒழிப்பது அதில் நான்காவது. முதலாவது மதுவிலக்கு, மூன்றாவது நிலவரியைப் பாதியாகக் குறைப்பது. இரண்டாவது கோரிக்கை இன்றைக்குக் கேட்டால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்: ரூபாயின் மாற்று விகிதத்தை ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸுக்குக் குறைக்க வேண்டும்.

ராட்டை சுற்றுகிற மனிதர் எதற்கு அந்நியச் செலாவணி விகிதத்தைப் பற்றிப் பேசுகிறார்? அதுவும் உப்பு வரிக்கு இரண்டு இடம் மேலே வைத்து? இந்தக் கேள்வி சில வருஷங்களாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் எங்கோ ஒரு மூலையில் மாற்றப்பட்ட ஒரே ஒரு எண், அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு மூலையில் எப்படி எல்லாவற்றையும் கவிழ்க்கும் என்பதை நான் தினம் தினம் பார்க்கிறேன். ஒரு நாட்டின் பெரும் பொருளாதாரக் கொள்கைகளும், அதாவது நாணய மதிப்பு, இறக்குமதித் தடை, மானியம், வட்டி எல்லாமே, அப்படிப்பட்ட எண்கள்தான். அவை ஏழையை எங்கே தொடுகின்றன என்று பார்க்க, இந்தக் கடற்கரை முனையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

2

முதலில் உப்பு வரியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1930-இல் வரி ஒரு மணங்குக்கு ஒரு ரூபாய் நான்கு அணா. மணங்கு என்றால் 37 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஆள் வருஷத்துக்கு ஆறு கிலோ உப்பு தின்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் கட்டிய வரி சுமார் மூன்று அணா. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு ரூபாய். 1930 மார்ச் 2 அன்று இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி, இந்தியரின் சராசரி வருமானம் நாளுக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு என்கிறார். இரண்டு அணா என்றே வைத்தால் வருஷத்துக்கு 730 அணா. அதில் மூன்று அணா, அரை சதவீதம்கூட இல்லை.

இதனால் உப்பு வரி சின்ன விஷயம் என்று ஆகிவிடாது. மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே அளவு உப்புதான் தின்கிறார்கள், ஆகவே ஒரே வரிதான் கட்டுகிறார்கள். வருமானம் குறையக் குறைய பாரம் ஏறுகிற வரி அது. அதில் இருந்த அநியாயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, போராட்டத்துக்கு அதனால்தான் அது சரியான ஆயுதமாயிற்று. உப்பைக் கையில் அள்ளிக் காட்டலாம். மாற்று விகிதத்தை எந்தக் கடற்கரையில் போய் அள்ளுவது?

இப்போது அந்த இரண்டாவது கோரிக்கைக்கு வருவோம். ஹில்டன் யங் ஆணையம் 1926-இல் ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று நிர்ணயிக்கச் சொன்னது. ஆணையத்தில் உறுப்பினராக இருந்த புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார், பழைய நான்கு பென்ஸ் விகிதமே போதும் என்று. கேட்கவில்லை. 1927-இல் சட்டம் வந்தது. இரண்டு பென்ஸ் வித்தியாசத்தில் அப்படி என்ன இருக்கிறது? நான்கு பென்ஸ் விகிதத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய் கிடைக்கும். ஆறு பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான். உலகச் சந்தையில் ஒரு பவுனுக்கு விற்கிற அரிசிக்கு உள்ளூரில் கிடைக்கிற ரூபாய், ஒரு கையெழுத்தில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

பின்னாலேயே 1929-இன் உலகப் பெருமந்தம் வந்தது. நான்கைந்து வருஷத்துக்குள் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. இது நாணய விகிதம் செய்த வேலை இல்லை, உலகமெங்கும் விளைபொருள் விலை சரிந்துகொண்டிருந்தது. ஆனால் விலை விழுகிற நேரத்தில் பல நாடுகள் தங்கள் நாணயத்தை இறக்கி விவசாயியை ஓரளவு தாங்கிப் பிடித்தன. இந்தியாவில் நேர்மாறு நடந்தது. ஆறு பென்ஸைக் காப்பாற்ற அரசு பணப்புழக்கத்தைச் சுருக்கியது. லண்டனுக்கு அனுப்ப வேண்டிய தொகை பவுனில் இருந்தது, ரூபாய் இறங்கினால் அந்தச் சுமை ஏறும் என்பது அவர்கள் கவலை.

இது டெல்டாவில் என்ன செய்திருக்கும் என்று புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவர் வருஷத்துக்கு 100 ரூபாய்க்கு நெல் விற்கிறார். கிஸ்தியும் கடன் வட்டியும் சேர்த்து 40 ரூபாய் கட்டுகிறார். மிச்சம் 60. நெல் விலை பாதியாகிறது. இப்போது வரவு 50. கிஸ்தியும் வட்டியும் காசில் எழுதியவை, அவை அப்படியே 40. மிச்சம் 10. விலை பாதியானது, குடும்பத்தின் கையிருப்போ ஆறில் ஒன்றாகிவிட்டது. இதே கணக்கில் ரூபாய் பழைய நான்கு பென்ஸில் இருந்து, அந்த வித்தியாசம் முழுசாக விலையில் இறங்கியிருந்தால் வரவு 56, மிச்சம் 16. பத்துக்கும் பதினாறுக்கும் உள்ள தூரம்தான் அந்த இரண்டு பென்ஸ். உப்பு வரியோ ஒரு ரூபாய்.

காந்தி ஏன் அதை இரண்டாவது இடத்தில் வைத்தார் என்று இப்போது புரிகிறது. பம்பாய் ஆலை முதலாளிகளுக்கும் அதே கோரிக்கை இருந்தது என்பதும் உண்மை. மலிவான ரூபாய் இருந்தால் வெளிநாட்டுத் துணி விலை ஏறும், அவர்கள் துணி விற்கும். ஒரே எண்ணில் பலருடைய நலன் ஒட்டிக்கொண்டிருக்கும். யார் கேட்டார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு கொள்கையைத் தள்ளவும் முடியாது, கொள்ளவும் முடியாது.

3

இதுவரை சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. நெல் விற்கிறவரை மட்டுமே அதில் வைத்திருக்கிறேன். தஞ்சை டெல்டாவில் அதிகம் கஷ்டப்பட்டவர்கள் நெல் விற்றவர்கள் இல்லை. பண்ணையாட்கள். பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. மரக்கால் நெல்லுக்குச் சந்தையில் என்ன விலை போனாலும் சட்டியில் வேகிற சோறு அதே அளவுதான். அப்படியானால் பெருமந்தம் அவர்களைத் தொடவில்லையா?

தொட்டது, வேறு வழியாக. டெல்டாவின் கூலிக்காரருக்கு ஒரு பின்வாசல் இருந்தது: நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போவது. ஊரில் அடிதாங்க முடியாதவர், பண்ணைக்கடனிலிருந்து தப்பிக்க நினைத்தவர், ரப்பர் தோட்டத்துக்குப் போனார். ரப்பர் விலை சரிந்ததும் மலாயா அரசு 1930-இல் உதவித்தொகையோடு ஆள் எடுப்பதை நிறுத்தியது. அதோடு விடாமல் பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பியது. கதவு மூடியது மட்டுமில்லை, போனவர்களும் திரும்பி வந்து அதே வயலில் கூலிக்கு நின்றார்கள். அவர்களுடைய விதியில் நெல் விலையைவிட ரப்பர் விலைக்குப் பங்கு அதிகம்.

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்க நியமத்தைக் கைவிட்டது. ரூபாய் பவுனோடு அதே ஆறு பென்ஸில் கட்டப்பட்டு, பவுனோடு சேர்ந்து இறங்கியது. ரூபாயில் தங்க விலை ஏறியது. கடன் நெருக்கிய குடும்பங்கள் நகையை விற்றன. வறுமை தள்ளிவிட்டு விற்ற அந்தத் தங்கம் 1930-கள் முழுக்க இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக வெளியேறியது. ஏற்றுமதிப் பட்டியலில் அது வளமான எண்ணாகத் தெரியும். வீட்டுக்குள்ளே அது கழுத்திலிருந்து கழன்ற சங்கிலி.

அரிசிக்கும் வழி கேட்டார்கள். பர்மா அரிசியும் சயாம் அரிசியும் சென்னை மாகாணத் துறைமுகங்களில் மலிவாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி, அதன் அரிசிக்குச் சுங்கம் போட முடியாது. 1935-இல் அரசு வெளிநாட்டு நொய்யரிசிக்கு மட்டும் வரி போட்டது. நெல் விற்றவருக்கு அது கொஞ்சம் ஆறுதல். நொய்யரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சியவர் யார் என்று யோசித்தால் மறுபக்கம் தெரியும்.

அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி 1937-இல் மாகாணத்தின் பிரதமரானார். 1938-இல் அவர் அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் பாக்கி நின்ற வட்டி ரத்து. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. விலை விழுந்ததால் வீங்கிய கடனைச் சட்டம் போட்டு வற்றவைத்தார்கள், தைரியமான காரியம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாயி என்பவர் யார்? நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவர். பண்ணையாள் அந்த விளக்கத்துக்குள் வரவில்லை. அவருக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. அதையும் ராஜாஜி அரசுதான் கொண்டுவந்தது. அதற்கும் பதினாறு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பசுமைப் புரட்சியில் விளைச்சல் ஏறியிருந்த காலம் அது. மொத்தம் ஏறியதா என்பது ஒரு கேள்வி. ஏறியதில் ஒரு மரக்கால் கேட்டவருக்கு என்ன ஆனது என்பது வேறு கேள்வி.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்று சொல்ல, சராசரியைக் காட்ட மாட்டோம். நூறு பேரில் கடைசி ஆளுக்கு எத்தனை நொடி ஆயிற்று என்று பார்ப்போம். சராசரி அழகாக இருக்கும்போதே கடைசி ஆள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டெல்டாவில் கடைசி ஆள் என்பது கடைமடை ஆள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்று மேட்டூரில் கேட்டால் ஒரு பதில் வரும், வேதாரண்யம் பக்கம் கேட்டால் வேறு பதில் வரும்.

உப்பு வரி 1947-இல் போயிற்று. அந்த ஆறு பென்ஸ்? சுதந்திரத்துக்குப் பிறகும் பவுனுக்கு அதே 13 ரூபாய் 5 அணா 4 பைதான். 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாய் மதிப்பைக் குறைக்கும்வரை அது அசையவில்லை. காந்தியின் இரண்டாவது கோரிக்கை, வெள்ளைக்காரன் போய்ப் பத்தொன்பது வருஷம் வரை காத்திருந்தது.

4

கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரை சுமார் 60 கிலோமீட்டர். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு இந்தக் கடலைப் பூங்குழலியின் படகோடுதான் ஞாபகம் வரும். 1960, 70-களில் இந்தப் பக்கத்துச் செய்திகளில் வந்த படகுகள் வேறு. கள்ளக்கடத்தல் படகுகள்.

சுதந்திர இந்தியாவில் அனுமதி இல்லாமல் தங்கம் இறக்கக் கூடாது. அந்நியச் செலாவணி மிச்சம் பிடிக்க வேண்டும், நியாயமான கவலை. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் இன்னும் ஒரு படி போய், 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது என்றார். தாலியும் தோடும் 22 காரட்டில் கேட்கிற ஊரில் 14 காரட் யார் வாங்குவார்? நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள், தற்கொலைகள் நடந்தன. 1966-இல் காரட் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1990-இல்தான் போனது. இதற்கிடையில் வெளிநாட்டு விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளம் இருந்தால் தண்ணீர் ஓடும். இந்தக் கடலில் அது படகில் ஓடியது. லாபம் யாருக்கோ போனது. மூட்டை இறக்கிய கூலிக்காரருக்கு ஒரு ராத்திரிச் சம்பளமும் போலீஸ் பயமும் மிச்சம். 1974-இல் விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. கடைசியில் கடத்தலைச் சுருக்கியது விலங்கைவிட விலைதான் என்று நினைக்கிறேன். 90-களில் வரி கட்டித் தங்கம் கொண்டுவரலாம் என்று ஆனதும் பள்ளம் தூர்ந்தது.

எதிர்க்கரையில் இதைவிடத் தெளிவான பாடம் இருக்கிறது. 1970-இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். கிணற்றுத் தண்ணீர் இறைத்து மிளகாய் போட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள். அதே தீவில், அதே வருஷங்களில், அதே கொள்கையின் கீழ், மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். உணவு இறக்குமதிக்குக் காசில்லை, ரேஷன் சுருங்கியது, தோட்டத்தில் மிளகாய் போட நிலம் இல்லை. 1973, 74-இல் அங்கே சாவு எண்ணிக்கை ஏறியது. 1964-இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த பலரை அந்தப் பசிதான் கப்பலேற்றியது.

1977-இல் ஜெயவர்த்தனா வந்து கதவைத் திறந்தார். சந்தையில் சாமான்கள் குவிந்தன, வளர்ச்சி விகிதம் ஏறியது. மலிவான மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்கின, யாழ்ப்பாணத் தோட்டக்காரர் விழுந்தார். மூடியபோது ஒரு தமிழன் பிழைத்தான், ஒரு தமிழன் பட்டினி கிடந்தான். திறந்தபோது பிழைத்தவன் நொடித்தான். திறந்த பொருளாதாரம் நல்லதா, மூடிய பொருளாதாரம் நல்லதா என்று டீக்கடையிலும் இணையத்திலும் சண்டை போடுகிறவர்களிடம் எனக்குக் கேட்கத் தோன்றுவது: எந்த ஊரில், எந்த வருஷம், யாருக்கு?

5

1991 ஜூலை முதல் வாரத்தில் இந்தியா இரண்டே நாள் நடவடிக்கையில் ரூபாய் மதிப்பைக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. தாகுர்தாஸ் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஏற்றுமதியாளருக்கு ஒவ்வொரு டாலருக்கும் கூடுதல் ரூபாய். ஏற்கெனவே தலையெடுத்திருந்த இறால் பண்ணைத் தொழிலுக்கு அது நல்ல காற்று. சோழமண்டலக் கரையில் நெல்வயல்கள் கைமாறின, குளம் வெட்டி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பக்கத்து வயலில் உப்பு ஊறியது, குடிதண்ணீர் கரித்தது. நெல்வயல் நாற்றும் களையும் அறுப்பும் என்று பல பேருக்கு வேலை தரும். இறால் குட்டைக்குக் காவல்காரர் போதும்.

டெல்டாவில் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தந்துகொண்டிருந்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. நீரி நிறுவனம் தந்த கணக்கு அந்த வழக்கில் முக்கியமானது: தமிழ்நாட்டில் இறால் பண்ணைகளின் வருஷ வருமானம் 280 கோடி, சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் ஆன சேதம் 423 கோடி. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்றவும், வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தரவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு தரையில் முழுசாக இறங்கவில்லை. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தொழிலுக்கு வேறு சட்டப் பாதை அமைத்துக் கொடுத்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு எண்கள். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் 280 மட்டும்தான் வரும். 423-ஐ யாராவது ஊர் ஊராகப் போய்க் கூட்ட வேண்டும். 1938-இன் சட்டத்தில் பண்ணையாள் விடுபட்டதும் இதே விதத்தில்தான். படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் மனிதர் இல்லை.

6

2022-இல் எதிர்க்கரை மறுபடி நமக்குப் பாடம் எடுத்தது. இலங்கை ரூபாயை டாலருக்கு 200 சுற்றி மாதக்கணக்காகப் பிடித்துவைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் ரசாயன உரத்துக்குத் தடை. மார்ச்சில் கையிருப்பு தீர்ந்து பிடியை விட்டார்கள். சில வாரத்தில் டாலர் 360. செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை ஒட்டியது. வறுமையில் இருப்பவர்கள் 13.1 சதவீதத்திலிருந்து ஒரே வருஷத்தில் 25 சதவீதம் ஆனதாக உலக வங்கி கணக்கிட்டது. குழந்தைகளோடு படகேறி தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

1930-இல் ரூபாயைப் பிடித்துவைத்தது ஏழையைக் கொன்றது. 2022-இல் பிடித்துவைத்ததும் கொன்றது, விட்டதும் கொன்றது. முன்னதில் அடிபட்டவர் விற்கிறவர், பின்னதில் வாங்குகிறவர். பிறகு வந்த சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் நாட்டின் கணக்கை நேராக்கியது. மின்கட்டணமும் வரியும் ஏறின. விலைவாசி அடங்கியது. கணக்கு நேரானதும் குடும்பம் நேராகிவிட்டதா என்பதற்கு ஒரே எண்ணில் பதில் இல்லை. 1987-இலேயே யுனிசெஃப் இதைச் சொல்லிவிட்டது: சீர்திருத்தம் மனித முகத்தோடு இருக்க வேண்டும், அந்த வருஷங்களில் குழந்தை என்ன சாப்பிடுகிறது என்பதையும் அளக்க வேண்டும் என்று. ஒரு குழந்தையின் மூன்று வயது திரும்ப வராது, வளர்ச்சி விகிதம் வேண்டுமானால் திரும்ப வரும்.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் பாத்தி வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் உப்பு விலை பற்றிக் கேட்டேன். "விலை ஏறினா அளத்துக்காரருக்குத் தம்பி. எங்களுக்கு நாள் கூலி. மழை பேஞ்சா அதுவும் இல்ல" என்றார். மூன்று வாக்கியம். விற்பது யார், கூலி எப்படி வருகிறது, வேலை நின்றால் என்ன கதி என்று மூன்றும் அதில் இருக்கிறது.

இனி ஒரு நிதியமைச்சர் எதையாவது அறிவிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவைதான். இந்த ஆள் நெல்லை விற்கிறாரா, வாங்குகிறாரா? கூலி காசிலா, பொருளிலா? கடன் எதில் எழுதியிருக்கிறது? இங்கே முடியாவிட்டால் போக வேறு இடம் இருக்கிறதா, அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறதா? கணக்கு எடுக்கிறவரின் படிவத்தில் இவருக்குக் கட்டம் இருக்கிறதா? நல்ல கொள்கை, கெட்ட கொள்கை என்று பிரிப்பது அதற்கு அப்புறம்தான். பெரும்பாலும் ஒரே கொள்கை ஒரே தெருவில் ஒரு வீட்டை நிமிர்த்தி, பக்கத்து வீட்டைச் சாய்த்திருக்கும். சாய்கிற வீடு எது என்று முன்கூட்டியே தெரிந்தால் முட்டுக் கொடுக்கலாம். அது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை. யாராவது கடைமடை வரைக்கும் நடந்து போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.